பதினொன்றாம் குழியின் வடக்கு

பதினொன்றாம் குழிக்குக் கீழே மட்டும் பூமி சாய்ந்திருந்தது.

லோர்னா அதைக் காலையிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். மொன்டானாவின் நடுப்பகுதியில், மலையடிவாரத்தில் தொடங்கிக் கிழக்கே புல்வெளிவரை வரிசையாக இருபது குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நிலநடுக்கமானி. இருபது கருவிகளின் பதிவுகளையும் சேர்த்து, காலுக்குக் கீழே எவ்வளவு ஆழத்துக்கு என்ன பாறை இருக்கிறது, எங்கே மேலோடு முடிந்து அதற்கு அடியிலுள்ள கவசம் தொடங்குகிறது என்று கணினியில் ஒரு மாதிரியைக் கட்டுவது அவள் வேலை. பத்தொன்பது குழிகள் ஒரே மாதிரி பேசின. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் ஆழத்தில் மேலோட்டின் அடி, அதுவும் தரை போலச் சமமாக. பதினொன்றாவது மட்டும், இல்லை, இங்கே அடி தென்கிழக்குப் பக்கம் கூரை மாதிரிச் சரிகிறது என்றது. அதன் பேச்சை நம்பினால், கவசத்துக்குள் சாய்ந்து இறங்கும் ஒரு பெரிய பாறைத் துண்டை ஒரே ஒரு மாட்டுப் பண்ணைக்குக் கீழே மட்டும் செருக வேண்டும். பக்கத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த இரண்டு குழிகளுக்கும் அந்தத் துண்டு தெரியவே இல்லை. ஒரு வீட்டின் நடு அறை மட்டும் சரிந்துபோய், இரண்டு பக்கத்து அறைகளில் மேசை மேல் வைத்த கோலிக்குண்டு அசையாமல் நிற்பது போல.

அவள் பாறையின் அடர்த்தியை மாற்றிப் பார்த்தாள். மேலே இருக்கும் வண்டல் அடுக்கைத் தடிமனாக்கிப் பார்த்தாள். சாய்வு போகவில்லை.

குழுவின் தலைவன் ரஸ் கதவில் சாய்ந்து நின்றான். கையில் காபிக் கோப்பை.

"இன்னும் அந்தப் பதினொண்ணோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கியா?"

"ம்."

"தூக்கிப் போடு லோர்னா. பத்தொம்போது பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தன் மட்டும் வேற சொல்றான். நம்ம டிபார்ட்மென்ட் மீட்டிங்கா இருந்தா அந்த ஒருத்தன் நீயா இருப்ப, விட்டுடுவேன். இது மெஷின்."

"காரணம் தெரியாம எடுக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழமை மாதிரியை அனுப்பியாகணும். அதுக்குள்ள காரணம் கிடைச்சா வெச்சுக்கலாம். இல்லேன்னா பத்தொம்போதோட போகட்டும்." சற்று நிறுத்திக் கேட்டான். "கருவி திரும்பி உக்காந்திருக்கான்னு பார்த்தியா?"

"அது டெல் வெச்சது."

ரஸ் கோப்பைக்குள் பார்த்தான். "ஆமா," என்றான். "சரி." போய்விட்டான்.

இருபது கருவிகளையும் மண்ணில் இறக்கியவன் டெல், லோர்னாவின் கணவன். பதினொன்றாம் குழிக்கு நிலச் சொந்தக்காரரின் சம்மதம் தாமதமாகக் கிடைத்ததால் அதைக் கடைசியாக வைத்தான். அது போன வருடத்துக்கு முந்தைய வருடம் செப்டம்பர் கடைசி. அக்டோபரில் ஒரு காலை, காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்தான். இதயம் என்றார்கள். டெல்லின் கை கடைசியாக முடித்த வேலை அந்தக் குழிதான். ஒன்றரை வருடமாக அது ஒரு நொடி விடாமல் பதிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ரஸ் ஒரு பொத்தானை அழுத்தினால் அவ்வளவும் குப்பை.

அதை நினைத்தபோதும் லோர்னாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும், காத்திரு என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அதன் பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போல இருக்குமே, அவளுக்கு முழு நாளும் அப்படி இருந்தது. தெருவில் உள்ளவர்கள் அப்போது சமைத்துக் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் அடங்கிய தட்டுகள் இன்னும் உறைபெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சூடாக்கித் தின்றாள். எந்தத் தட்டு யார் கொடுத்தது என்று தட்டின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ருசியில் வித்தியாசம் தெரியவில்லை.

கணக்கு மட்டும் ஓடியது. அது எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் அவள் சிக்கல் விளங்கும்.

எங்கோ ஃபிஜித் தீவுப் பக்கம் பூமி குலுங்குகிறது. அந்த அலை பூமியின் உள்ளே வளைந்து வந்து, மொன்டானாவில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. கவசத்தை விட்டு மேலோட்டுக்குள் நுழையும் எல்லையில் அதில் ஒரு பங்கு வேறு வகை அலையாக மாறிவிடும். மாறாதது ஓடி வரும், மாறியது நடந்து வரும். இரண்டும் ஒரே வாசலில் கிளம்பியவை. ஆகவே ஓடியவனுக்கும் நடந்தவனுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் வாசல் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம். மேலோட்டின் தடிமன் அந்த இடைவெளியில் இருக்கிறது.

கருவிக்குள் மூன்று கைகள். ஒன்று மேலும் கீழும் அசைவதைப் பார்க்கும், ஒன்று வடக்கு தெற்காக, ஒன்று கிழக்கு மேற்காக. அடுக்குகள் சமமாக இருந்தால், ஃபிஜியிலிருந்து வந்த அலை ஃபிஜி இருக்கும் திசைக்கோட்டிலேயே தரையை முன்னும் பின்னும் ஆட்டும். குறுக்கே ஆட்டாது. அடுக்கு சரிந்திருந்தால் அலை ஒரு பக்கம் இடறும், குறுக்கே ஆட்டம் வரும். பதினொன்றாம் குழியில் குறுக்காட்டம் நிறைய இருந்தது. குறுக்காட்டம் இருந்தால் சாய்வு என்று மாதிரி கட்டும் நிரல் முடிவு செய்கிறது. நிரலுக்கு வேறு வழி சொல்லிக்கொடுக்கவில்லை.

வேறு வழி ஒன்று உண்டு. கருவியின் வடக்கு உண்மையான வடக்காக இல்லாவிட்டாலும் குறுக்காட்டம் தெரியும். கோணலாக மாட்டிய கண்ணாடியில் நேரான சுவரும் கோணல்தானே. மற்றவர்கள் வைத்த கருவி எதுவானாலும் அந்தச் சோதனையைத்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் முதலில் செய்வார்கள். டெல் வைத்ததற்குச் செய்வதில்லை. பல வருடமாக அவன் வடக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் பிசகியதில்லை. "டெல் காட்டினா அதான்டா வடக்கு, துருவத்தை வேணும்னா நகர்த்திக்கலாம்" என்று ரஸ்ஸே புதியவர்களிடம் சொல்வான்.

டெல் திசை பார்ப்பது ஒரு கூத்து. இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் மயங்கும். வண்டியை எங்கோ மேட்டில் நிறுத்துவான். மண்வெட்டி, சாவி, போன் எல்லாம் அங்கேயே. மாட்டை மடக்கும் போட்டியில் பரிசாக வாங்கிய சாசர் அளவு எஃகு பக்கிள் வைத்த பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ஒரு கையில் காம்பஸும் மறு கையில் நழுவும் கால்சட்டையுமாகப் புல்வெளியில் நடப்பான். லோர்னா அவனை முதன்முதலில் பார்த்த கோலமே அதுதான். அதையும் இப்போது அவள் ஒரு தகவலாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், எலி கம்பியைக் கடித்திருக்கலாம். எதையாவது பார்த்தாக வேண்டும்.

மார்ச் மாதக் கடைசி. பனி உருகி மண் பசையாகிவிட்டிருந்தது. பண்ணைக்காரி பெர்னிஸ் வீட்டு வாசலில் நின்று கையசைத்தாள். அறுபத்தெட்டு வயது, ரப்பர் காலணி, முழங்கைவரை ரத்தமும் வைக்கோலும்.

"உள்ள வா. காலணியைக் கழட்டாதே, உள்ள அதைவிட மோசம்."

பின்கட்டில் ஹீட்டர் முன்னால் பிறந்து சில மணி நேரமே ஆன கன்றுக்குட்டி ஒன்று துண்டின் மேல் கிடந்தது. ஈரம் காயாத கறுப்பு உடம்பு நடுங்கியது.

"பனிச் சேத்துல போட்டுட்டு ஆத்தாக்காரி மேயப் போயிட்டா. முதல் ஈத்து, ஒண்ணும் தெரியல அவளுக்கு. இந்தா, புட்டியைப் பிடி. நான் கை கழுவிட்டு வரேன்."

லோர்னா மண்டியிட்டுப் பால் புட்டியைப் பிடித்தாள். கன்று சப்பியது, விட்டது, மறுபடி சப்பியது. அதன் நாக்கு அவள் விரலில் பட்டது. சூடாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டாள்.

"நீதானா டெல்லோட பெண்டாட்டி?" பெர்னிஸ் துடைத்துக்கொண்டே வந்தாள். "போன்ல கருவி பார்க்க வரேன்னு மட்டும் சொன்ன. கடைசிப் பேரு கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. சாவு செய்தி பேப்பர்ல பார்த்தேன், கண்ணு. வந்திருக்கணும். கன்னுக விக்கிற நேரம்."

"பரவாயில்லைங்க."

"நல்ல மனுசன். பூமிக்குள்ள ஐம்பது கிலோமீட்டர்ல என்னய்யா இருக்குன்னு கேட்டேன். கல்லுன்னான். ஐம்பது கிலோமீட்டர் எதுக்கு, ரெண்டடியிலயே கல்லுதான், வேலிக்கம்பம் நடறவ கிட்ட கேளுன்னேன். அப்படிச் சிரிச்சான்." பெர்னிஸ் முகம் மாறியது. "சிரிச்சுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டான்."

லோர்னா புட்டியைச் சாய்த்தபடியே இருந்தாள். "எப்போ?"

"இங்க குழி தோண்டுன அன்னிக்குத்தான். சொல்லலாமான்னு எனக்குத் தெரியல. சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டான். வீட்ல தெரிஞ்சா என்னை வெளிய விட மாட்டாங்கன்னான். நீ யாரு எவருன்னு அப்ப எனக்குத் தெரியாது. சரின்னுட்டேன்." ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இப்ப அவனே இல்லை. இனிமே யாருக்காக வாயைக் கட்டிட்டு இருக்கறது?"

"சொல்லுங்க."

"வண்டியைக் குழி வரைக்கும் ரிவர்ஸ்லயே ஓட்டிட்டு வந்துட்டான். சிக்கிக்குமய்யா, மேட்டுல நிறுத்துன்னேன். கேக்கல. இறங்கினா பேட்டரியைத் தூக்க முடியல. ஆள் பார்க்க எருது மாதிரி இருக்கான், ரெண்டடி எடுத்து வெச்சுக் கீழ வெச்சுட்டான். நான்தான் ரெண்டு பேட்டரியும் இறக்கினேன். வண்டிப் பின்பலகையில உக்காந்து மூச்சு வாங்கிட்டே இருந்தான். உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன். மதியம் தின்ன ஹாம்பர்கர் சேரலைன்னான். நம்பற மாதிரியா இருக்கு? ஆனா பெரிய ஆம்பளையைக் கட்டித் தூக்கிட்டா போக முடியும்?"

கன்று புட்டியை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தது. லோர்னா புட்டியை நிமிர்த்தினாள். அவள் கேட்ட கேள்வி அவளுக்கே வறட்டுக் கேள்வியாகத்தான் இருந்தது.

"காம்பஸ் பார்க்கறப்போ வண்டியை எடுத்துத் தள்ளி நிறுத்தினாரா?"

"வண்டியையா? எங்க எடுத்தான்? குழிக்கு ஓரத்துலேயே நின்னுச்சு. பலகையில உக்காந்தபடியே குனிஞ்சு பார்த்துக் கோடு போட்டான். அப்புறம்தான் கொஞ்சம் தெம்பு வந்து எந்திரிச்சான்."

"எந்தப் பக்கம் நின்னுச்சு?"

"கிழக்குப் பக்கம். வேற வழி ஏது, மத்த மூணு பக்கமும் வாய்க்கால்." பெர்னிஸ் அவளையே பார்த்தாள். "ஏன் கண்ணு? என்ன பண்ணிட்டான்?"

"ஒண்ணும் இல்லீங்க. நல்லா வெச்சிருக்கார். மூடி எல்லாம் இறுக்கமா இருக்கும்."

பெர்னிஸ் கன்றின் காதைத் துண்டால் தேய்த்தாள்.

லோர்னா வண்டியைக் கேட் அருகிலேயே விட்டாள். சாவி, போன், கத்தி எல்லாவற்றையும் இருக்கையில் வைத்தாள். சேறு ஒவ்வொரு அடிக்கும் காலணியில் ஏறிக் கனத்தது. குழி, மூன்று பக்கமும் வாய்க்கால் சூழ்ந்த ஒரு சின்னத் திட்டில் இருந்தது. கிழக்குப் பக்கம் புல் இன்னும் இரண்டு தடங்களில் சரியாக வளரவில்லை. சக்கரங்கள் அழுந்தி நின்ற இடம். அங்கிருந்து குழியின் விளிம்பு ஓர் ஆள் நீளம்கூட இல்லை.

மூடியைத் திறந்தாள். உள்ளே உலர்வாக இருந்தது. எலி இல்லை, தண்ணீர் இல்லை. கருவியின் கீழே இருந்த கல் பலகையில் ஆணியால் கீறிய கோடு ஒன்று, ஒரு முனையில் அம்பு. டெல்லின் அம்புக்கு எப்போதும் ஒரு பக்கச் சிறகு நீளமாக இருக்கும். இதிலும் இருந்தது.

கருவிக்குள்ளேயே காந்தம் உண்டு என்பதால் காம்பஸை அதன் மேல் வைக்கக் கூடாது. வேலியோரம் கிடந்த நீளமான மரச்சட்டம் ஒன்றை எடுத்துவந்து, கோட்டின் நேராகக் குழிக்கு வெளியே நீட்டிப் படுக்க வைத்தாள். சட்டத்தின் தூர முனைக்குப் போய் அதன் விளிம்பில் காம்பஸை வைத்தாள். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இந்த ஊரில் உள்ள வித்தியாசம் காம்பஸில் முன்பே திருகி வைக்கப்பட்டிருந்தது. முள் அசைந்து நின்றது. படித்தாள். நடந்து சுற்றிவிட்டு வந்து மறுபடி படித்தாள். சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மறுபடி படித்தாள்.

அம்பு வடக்கைக் காட்டவில்லை. வடக்கிலிருந்து இருபத்து மூன்று டிகிரி கிழக்கே, இரண்டு தடங்களும் இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டியின் இரும்பு முள்ளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. உட்கார்ந்தவன் அதை வடக்கென்று நம்பிக் கீறியிருக்கிறான். அல்லது நம்பவில்லை. எழுந்து நாற்பது அடி நடக்க முடியாமல் கீறியிருக்கிறான்.

அவள் குழியோரம் குந்தியிருந்தாள். இப்போது அழுகை வரலாம் என்று நினைத்தாள். காற்று அடித்தது. தூரத்தில் முதல் ஈத்துப் பசு எதையோ தேடிக் கத்தியது, அல்லது தேடாமல் சும்மா கத்தியது. ஒன்றும் வரவில்லை. முழங்கால் மட்டும் வலித்தது.

கருவியை அவள் திருப்பவில்லை. ஒன்றரை வருடப் பதிவும் அந்தக் கோட்டில்தான் எழுதப்பட்டிருந்தது. இப்போது திருப்பினால் ஒரே குழிக்கு இரண்டு வடக்கு ஆகிவிடும், அடுத்து வருகிறவர்கள் குழம்புவார்கள். மூடியை இறுக்கி மூடினாள். சட்டத்தை எடுத்த இடத்திலேயே போட்டாள்.

வியாழக்கிழமை கூடத்தில், முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தாள். பதினொன்றாம் குழி பதிந்த பெரிய நடுக்கங்களை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் எங்கே நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். முதல் அலை தரையை எந்தத் திசைக்கோட்டில் ஆட்டியது என்று கருவி சொல்வதை, அந்த நடுக்கம் உண்மையில் இருக்கும் திசையோடு ஒப்பிட்டாள்.

இங்கேதான் சாய்வும் கோணலும் பிரியும். அடியில் உண்மையிலேயே சரிவு இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து வரும் அலை இடப்புறம் இடறும், எதிர்ப்பக்கத்து அலை வலப்புறம் இடறும். பிசகு கூடும், குறையும், மாறும். கருவி கோணலாக இருந்தால் அப்படி மாறாது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே அளவு, அதே பக்கம்.

ஃபிஜி இருபத்து மூன்று டிகிரி குறைவாக வந்தது. ஜப்பான் இருபத்து இரண்டு. சிலி இருபத்து மூன்று. அலாஸ்காவின் தீவுகள் இருபத்து நான்கு. மற்றவையும் அந்த இரண்டு மூன்று எண்களுக்குள்ளேயே சுற்றின.

ரஸ் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

"டெல்லா?" என்றான்.

"ம்."

"டெல்லா இருபத்து மூணு டிகிரி? சூரியனைப் பார்த்து வெச்சாக்கூட இதைவிடக் கிட்டத்துல வரும். அவன் பெல்ட்டைக்கூட கழட்டிட்டு..." நிறுத்திவிட்டான். "காரணம் என்னன்னு போடறது?"

"வண்டி பக்கத்துல நின்னுச்சு."

"அவன் வண்டியைப் பக்கத்துல நிறுத்துற ஆளே இல்லையே."

"அன்னிக்கு நிறுத்தினார்."

ரஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ஓட்டு," என்றான். "பார்க்கலாம்."

அவள் திசையைத் திருத்திக் கொடுத்து ஓட்டினாள். நிரல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. திரையில் குறுக்காட்டம் அடங்கி, கிட்டத்தட்ட நேர்கோடாயிற்று. ஓடி வந்த அலைக்கும் நடந்து வந்த அலைக்கும் இடையிலான இடைவெளி எல்லாத் திசையிலும் ஒன்றானது. கவசத்துக்குள் இறங்கிய பாறைத் துண்டு மாதிரியிலிருந்து மறைந்தது. பெர்னிஸின் பண்ணைக்கு அடியில் மேலோட்டின் தரை மேற்கிலிருந்து வந்து கிழக்கே போயிற்று, சமமாக, ஐம்பது கிலோமீட்டர் ஆழத்தில்.

"இருபதும் இருக்கட்டும்," என்றான் ரஸ்.

லோர்னா பதினொன்றாம் குழியின் விவரக் கோப்பைத் திறந்து, பின்னால் வருகிறவர்களுக்காக எழுதினாள்: இந்தக் கருவியின் வடக்கு, உண்மையான வடக்கிலிருந்து இருபத்து மூன்று டிகிரி கிழக்கே உள்ளது. திசை பார்த்தபோது வண்டி அருகில் நின்றிருந்தது. கருவியைத் திருப்ப வேண்டாம். முதல் நாளிலிருந்து எல்லாப் பதிவுகளும் நல்லவை. திசைகளோடு இருபத்து மூன்றைக் கூட்டிக்கொண்டால் போதும்.